எந்த மரத்தில் வெட்டினீர்கள்?

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் பக்கம் இரும்புக் கடையில் பாராங் வாங்க வருகிறவர் என்ன பார்க்கிறார்? கையில் ஏந்திக் கனம் பார்க்கிறார். வாயின் குறுக்கே கட்டைவிரலை மெல்ல வைத்து உரசுகிறார். முதுகைச் சுண்டி ஓசை கேட்கிறார். பயனுள்ள பழக்கங்கள்தாம்; ஆனால் அந்தக் கத்தி கட்டையில் இறங்கும்போது என்ன ஆகும் என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை. இப்போது கைப்பேசிக் காணொளியும் சேர்ந்துகொண்டது. குளிர்நாட்டுக் காடு ஒன்றில் ஒருவர் தடித்த கத்தியால் பைன் கட்டையைப் பத்துப் பதினைந்து வெட்டில் துண்டாக்குகிறார். பிறகு அதே கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்து இரண்டாகப் பிளக்கிறார். பார்க்கிறவர் ‘நல்ல கத்தி’ என்று தீர்மானித்துவிடுகிறார். அவசரத் தீர்மானம் அது. வெட்டிக் காட்டுவதைச் சோதனை என்று சொல்ல வேண்டுமானால், எந்த மரம், அது எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும். வெட்டி முடித்ததும் கீழே கிடக்கும் சில்லுகளை விட்டுவிட்டுக் கத்தியின் வாயைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சோதனை விற்கிறவருக்கு உதவும், வாங்குகிறவருக்கு உதவாது.

மரத்திலிருந்தே தொடங்கலாம்; ஜெலுத்தோங்கில் இருந்துகொண்டு வேறு எதிலிருந்து தொடங்குவது? ஊரின் பெயரைத் தாங்கிய ஜெலுத்தோங் மரம் 60 மீட்டர் வரை உயரக்கூடிய காட்டு மரம். ஒரு காலத்தில் சூயிங் கம் செய்வதற்காக இதன் பாலை வடித்தார்கள். இதன் பலகை வெளிறிய நிறம், நேரான நாரோட்டம், நல்ல மென்மை. பென்சிலுக்கும் செதுக்கு வேலைக்கும் வார்ப்பட அச்சுக்கும் தேடி வாங்குவார்கள். காற்றில் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஜெலுத்தோங் ஏறத்தாழ 420 முதல் 500 கிலோ எடை இருக்கும். திரங்கானுவில் படகு கட்டப் பெயர்போன செங்கால் மரமோ 915 முதல் 980 கிலோ வரை வரும். அதாவது சுமார் இரண்டு மடங்கு. இடையில் நிற்கிறது ரப்பர் மரம், 560 முதல் 640 கிலோ. எடை மட்டுமே மரத்தின் முழுக் குணமாகிவிடாது. ஆனாலும் கத்தியை எதிர்க்கும் பலம் பெரும்பாலும் எடையோடு சேர்ந்தே ஏறும். மலேசிய மரத் தொழிலும் தன் மரங்களைக் கனம், நடுத்தரம், இலேசு என்று முதன்மையாக எடையை வைத்தே பிரிக்கிறது. ஜெலுத்தோங் கட்டையில் சோதித்தால் தகரத்துக்கு அண்ணன் போன்ற கத்தியும் தேறிவிடும். காய்ந்த செங்காலில் சோதித்தால் நல்ல பட்டறைக் கத்தியும் தலைகுனியலாம். இரண்டு சோதனையிலும் நமக்குத் தெரிய வருவது மரத்தைப் பற்றித்தான். காணொளியில் வரும் பைன் பெரும்பாலும் ஜெலுத்தோங் பக்கத்தைச் சேர்ந்தது, செங்கால் பக்கத்தைச் சேர்ந்ததல்ல.

ஒரே மரத்திலும் நிலைக்கு நிலை வேறுபாடு உண்டு. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்க நார்கள் இறுகும். வெட்டிய அன்று சாறோடு இருக்கும் ரப்பர் கட்டையும், சில மாதம் கூரையடியில் கிடந்து காய்ந்த ரப்பர் கட்டையும் கத்திக்கு இரண்டு வேறு மரங்கள். கணு இருக்கும் இடத்தில் நார் சுழன்று ஓடும், அங்கே மரம் அடர்ந்து கெட்டியாக இருக்கும். கணுவில் பட்டு வாய் கெட்ட கத்தியையும், கணுவே இல்லாத துண்டில் வெட்டிப் புகழ் பெற்ற கத்தியையும் ஒப்பிடுவது நியாயமாகாது. தென்னை இன்னும் வேறு சாதி: நார்க்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஓரம் மிகக் கடினம், நடு மென்மை. பெருநாள் சமயத்தில் லெமாங் வேகவைக்கும் மூங்கிலோ நுனியில் மெல்லிய கத்தியை வைத்துத் தட்டினாலே நீளவாக்கில் ஓடிப் பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் வழவழத்த மேல்தோல் கத்தியைத் தள்ளிவிடும். ஆகவே ‘மரம் வெட்டிப் பார்த்தேன்’ என்பது பாதிச் செய்தி.

வெட்டுவதும் பிளப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்று தோன்றும். கத்தியைப் பொறுத்தவரை அவை ஏறக்குறைய எதிரெதிர் வேலைகள். குறுக்கே வெட்டும்போது வாய் நார்களை அறுத்தாக வேண்டும். நாரின் நீளவாக்கில்தான் மரத்துக்குப் பலம் அதிகம். அந்தப் பலத்தை எதிர்த்துத்தான் வாய் போகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் கட்டைக்கு நேர்செங்குத்தாக வெட்டுவதில்லை. ஒரு வெட்டு இடமிருந்து சாய்த்து, அடுத்த வெட்டு வலமிருந்து சாய்த்து, நடுவில் இருக்கும் சில்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். பிளக்கும்போது நிலைமை தலைகீழ். நாரை நாரோடு ஒட்டவைத்திருக்கும் பலம், நாரின் நீளவாட்டுப் பலத்தில் இருபதில் ஒரு பங்கை எட்டாத மரங்களும் உண்டு. கத்தி வாய் ஒரு விரற்கடை இறங்கி விரிசலைத் தொடங்கிவைத்தால் போதும். அதன் பிறகு வாய்க்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அலகின் கன்னங்கள் இருபுறமும் ஆப்பாக நின்று தள்ள, விரிசல் வாய்க்கு முன்னே ஓடுகிறது. மழுங்கிய கத்தியாலும் பிளக்கலாம் என்பதற்கு இதுவே காரணம். கட்டை பளீரென்று பிளப்பதைக் காட்டி ‘எவ்வளவு கூர்மை பாருங்கள்’ என்கிற விளம்பரம், கூர்மைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கூர்மைக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறது. பிளத்தல் வேறு ஒன்றைச் சோதிக்கிறது: முதுகு அடி தாங்குமா, அலகு பக்கவாட்டில் முறுக்கினால் மீளுமா, பிடிக்குள் போகும் வால் பகுதி உறுதியா என்பதை.

இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. மெல்லிய அலகு வெட்டும்போது ஆழமாக இறங்கும், ஆனால் பச்சை மரத்தில் மாட்டிக்கொள்ளும், பிளக்கும்போது அகலம் போதாமல் திணறும். தடித்த அலகு அழகாகப் பிளக்கும், மாட்டாது; வெட்டில் ஆழம் குறையும். எடையிலும் இதே இழுபறிதான். எடை இரு மடங்கானால் வெட்டின் ஆற்றல் இரு மடங்காகும்; வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் கத்தி கனக்கக் கனக்க, முக்கியமாக நுனிப்பக்கம் கனக்கக் கனக்க, கை அதே வேகத்தில் வீச முடியாது. பாராங் செய்த பழைய மலாய்க் கொல்லர்கள் இந்த இழுபறிக்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள்: நுனியை நோக்கி அகலமும் கனமும் கூடும் அலகு, கையை நோக்கி மெலியும் உடல், வளைந்து இறங்கும் பிடி, கோடாரியைப் போலக் கொஞ்சம் புடைத்த வாய். கீழே புல்லும் கொடியும் மட்டும் இருக்கும் இடத்துக்குத் தென்னமெரிக்க மச்செட்டியின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தகடு போதும். தண்டு முற்றிய புதரையும் கிளையையும் தினம் சந்திக்கும் தேசத்துக்கு அது போதாது. பர்மிங்ஹாமின் மார்ட்டின்டேல் நிறுவனம் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த காட்டுக் கத்திக்கு இந்தப் பக்கத்து ‘கொலோக்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. உருவம் எங்கிருந்து போனது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள பட்டறைகளும் சரி, மலேசியக் கிராமத்துப் பட்டறைகளும் சரி, லாரி வில்பட்டையை விரும்பி எடுப்பது சிக்கனத்துக்காக மட்டுமில்லை. வில்பட்டைக்கென்றே உருவான எஃகில் கரிமம் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கொஞ்சம் குரோமியமும் மாங்கனீசும் சேர்ந்திருக்கும். லாரியின் அடியில் லட்சக்கணக்கான முறை வளைந்து மீள வேண்டிய உலோகம் அது. அடியைத் தாங்கி மீளுவதுதான் அதன் பிறவிக் குணம். கத்திக்கு அதே குணம் வேண்டும். ஆனால் அதே வில்பட்டையில் இரண்டு கொல்லர்கள் செய்த கத்திகள் ஒன்றாக இருக்காது. எந்தச் சூட்டில் தோய்த்தார், தோய்த்தபின் எவ்வளவு சூடாக்கிப் பதம் இறக்கினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சோதனையே தேவைப்படுகிறது.

இங்கே படித்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: ‘பதத்தை அளக்க எண் இருக்கிறதே, ராக்வெல் கடினம் எவ்வளவு என்று கேட்டால் போதாதா?’ போதாது. ராக்வெல் அளவு, ஒரு கூம்பு முனையை உலோகத்தில் அழுத்தி அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. வாய் மடங்காமல் நிற்குமா என்பதற்கு அது ஓரளவு பதில் சொல்லும். அதிர்ச்சியில் உடைந்துபோகுமா என்பதற்குச் சொல்லாது. கடினத்தை ஏற்றினால் பொதுவாக அதிர்ச்சி தாங்கும் பலம் இறங்கும். சமையலறைக் கத்திக்கு 60 வைத்துப் பெருமைப்படலாம்; அதே எண்ணைப் பாராங்கில் வைத்துக் கணுவில் வெட்டினால் வாயில் பல் விழும். ஷெஃபீல்டில் உள்ள காட்ரா என்ற ஆய்வு நிறுவனத்தின் சோதனை இன்னும் நுட்பமானது. கூர்மையையும் அது நிலைக்கும் காலத்தையும் அளக்க ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற சர்வதேசத் தரமாகவே அந்த முறை ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எந்திரம் மணல் துகள் கலந்த அட்டையை முன்னும் பின்னும் இழுத்து அறுக்கிறது. சமையல் கத்திக்குப் பொருத்தமான கேள்வி அது. மேலிருந்து வேகமாக வந்து மோதுகிற கத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில் பயன் குறைவு.

மோதும் கத்திக்குப் பொருத்தமான கேள்வியைக் கேட்டவர்கள் 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தார். அவர்களிடம் தகுதி பெற வருகிற கொல்லர், 10 அங்குலத்துக்கு மேல் நீளாத அலகுள்ள தன் கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டுமானத்துக்குப் பயன்படும் 2-க்கு 4 மரச் சட்டத்தை இரண்டு முறை குறுக்கே வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன்பின் தீட்டாமல் அதே வாயால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் அலகைப் பிடிப்பானில் இறுக்கி 90 பாகை வளைக்கிறார்கள். அலகு உடையக் கூடாது. இந்த வரிசையைக் கவனித்தால் அதன் சாமர்த்தியம் புரியும். மரத்தை எத்தனை வெட்டில் முடித்தார் என்பதற்குப் பரிசு கிடையாது. வெட்டி முடித்த வாய் இன்னும் மழிக்கிறதா என்பதே கேள்வி. மரம் இங்கே வெறும் சுமை; நீதிபதி அதற்குப் பிறகு வருகிறார். அங்கே 2-க்கு 4 சட்டம் என்றாலே மென்மர வகை என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், எந்த மரம் என்ற கேள்விக்கும் சோதனையிலேயே விடை இருக்கிறது. வளைத்துப் பார்ப்பதில் கத்தி கெட்டுப்போகும், உண்மை. அது கொல்லரின் கைப்பக்குவத்துக்கு வைத்த சோதனை. நாம் வாங்கிய கத்தியை நாம் வளைத்துப் பார்க்க வேண்டியதில்லை, வளைத்துவிட்டு வருந்தவும் வேண்டாம்.

வாயைப் பார்ப்பது எப்படி? வெயிலில் பிடித்து வாயை நேருக்கு நேர் நோக்கினால், கூர்மையான வாய் கண்ணுக்குத் தெரியாது. ஒளி பட்டு மின்னும் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே வாய் மழுங்கியோ மடங்கியோ இருக்கிறது. மடங்கிய வாயும் பல் விழுந்த வாயும் இரண்டு வேறு குற்றங்கள். மடங்குதல் என்றால் பதம் மென்மை, அல்லது வாய் அளவுக்கு மீறி மெல்லிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கல்லில் தீட்டினால் சரியாகலாம், தீட்டும் கோணத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் மறுபடி வராமலும் போகலாம். பல் விழுதல் என்றால் உலோகம் உடைந்திருக்கிறது. பதம் அதிகம் இறுகிவிட்டது, அல்லது தோய்ச்சலில் கோளாறு. வெட்டில் சில்லுகள் எவ்வளவு பறந்தன என்பதைவிட இந்த ஒரு வேறுபாடு ஆயிரம் மடங்கு பயனுள்ள தகவல். பிளந்த பிறகு பார்க்க வேண்டியவை வேறு: அலகு நேராக இருக்கிறதா, முதுகு நசுங்கியிருக்கிறதா, பூண் தளர்ந்திருக்கிறதா, பிடியில் கீறல் உண்டா. பல பாராங்குகளில் மெலிந்த வால் ஒன்று பிடிக்குள் பாதி தூரம் போய் நிற்கும். உடைகிற கத்தியில் பெரும்பாலும் முதலில் தோற்பது அந்த இடம்தான், அதுவே ஆளையும் காயப்படுத்தும்.

‘கத்தியின் முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பதே அநியாயம், அதற்குக் கோடாரி இருக்கிறது’ என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. பாதி சரி. கோடாரி கையில் இருக்கும்போது கத்தியை அடிப்பது வீம்பு. ஆனால் ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் வெளியே கிடக்கும் விறகின் மேற்புறம் எப்போதும் நனைந்தே இருக்கும். தீப்பற்றும் உலர்ந்த பகுதி உள்ளே இருக்கிறது, பிளந்தால்தான் கிடைக்கும். பாராங் ஒன்றை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு வேறு வழி கிடையாது. மணிக்கட்டுப் பருமன் கட்டை, கணு இல்லாத துண்டு, அடிக்கும் கட்டை மரமாக இருக்க வேண்டும், சுத்தியல் கூடாது என்ற எல்லைக்குள் பிளப்பது நியாயமான உபயோகம். அந்த எல்லைக்குள் தாங்காத பாராங்கைக் குறை சொல்லலாம். தொடைப் பருமன் கட்டையில், கணுவின் நடுவே, இரும்புச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டுக் கொல்லரைக் குறை சொல்வது அழகில்லை.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வெட்டுகிறவர் எந்திரம் அல்ல. பத்தாவது வெட்டில் கை சோர்ந்துவிடும், புதுக் கத்தி என்றால் உற்சாகத்தில் ஓங்கி வெட்டுவார், விலை அதிகம் என்றால் நல்லதாகவே தோன்றும். இப்படியிருக்க வீட்டுக் கொல்லையில் செய்யும் சோதனைக்கு என்ன மதிப்பு? இதற்கு ஒப்பீடுதான் விடை. ஏற்கெனவே நன்றாகப் பழகிய ஒரு பழைய கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கல்லில் ஒரே கூர்மைக்குத் தீட்டிக்கொண்டு, ஒரே கட்டையின் அடுத்தடுத்த இடங்களில் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும்; கை சோர்வு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் இரண்டு வாயிலும் ஒரு தாளை அறுத்துப் பார்க்கலாம். நூலளவு வித்தியாசம் இதில் தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை. நல்ல கத்திக்கும் மோசமான கத்திக்கும் உள்ள வித்தியாசம் கைச்சோர்வையும் மீறித் தெரியும். கட்டைக்கு ரப்பரைச் சொல்வேன். 25, 30 ஆண்டில் பால் குறைந்து தோட்டத்தில் வெட்டிச் சாய்க்கப்படும் மரம், மேசை நாற்காலிக்குப் போகும் முன்பு தலைமுறைகளாக நம்மவர் அடுப்பில் எரிந்த மரம், கடினத்தில் நடுத்தரம். தீவில் அது கிடைக்காவிட்டால் மழைக்காற்றில் முறிந்த அங்சானாக் கிளையோ, வீட்டு ரம்புத்தான் கிளையோ போதும். எந்த மரம், எத்தனை நாள் காய்ந்தது என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பெரியவர்கள் இத்தனை சடங்கும் இல்லாமல் கையில் எடுத்ததுமே கத்தியை எடை போட்டார்களே என்பார்கள். போட்டார்கள்தான். அவர்கள் கையில் முப்பது நாற்பது ஆண்டுச் சோதனை இருந்தது. எல்லாம் ஒரே வகை மரத்தில், ஒரே வகை வேலையில், மழுங்கினால் தாங்களே தீட்டிப் பார்த்த சோதனை. அந்த அறிவுக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்ட, ஆண்டுக்கு இரண்டு முறை மரக்கிளை வெட்டவும் ஒரு முறை முகாமுக்குப் போகவும் பாராங் வாங்குகிற பிள்ளைகளுக்கு அந்த நாற்பது ஆண்டு இல்லை. அவர்களுக்கு ஒரு பிற்பகல்தான் இருக்கிறது.

வாங்கிய பாராங்கை உறையிட்டு, தாளில் நன்றாகச் சுற்றி, நேராக வீட்டுக்குக் கொண்டு போங்கள். பொது இடத்தில் தகுந்த காரணமின்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கடியில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டாம். சோதிக்கும்போது கட்டையைத் தரையில் வைக்காமல் அகலமான அடிக்கட்டையின் மேல் வையுங்கள்; வீச்சுக்கு நேராக உங்கள் காலோ பக்கத்தில் வேறு ஆளோ இருக்கக் கூடாது; கை வியர்த்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். நடுத்தர மரத்தில், கணு இல்லாத இடத்தில் வெட்டியும் வாயில் பல் விழுந்தால், ரசீதோடு கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் ‘என்ன மரம்ணே?’ என்று கேட்டால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலைத் தயாராக வைத்திருங்கள்.